வரிசையில் மூன்றாவதாக நின்றவள்

என்னை ஒருமுறை திருடி என்று கை நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். பட்டப்பகலில், வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க. காட்டியவளுக்கு என்மேல் பகை கிடையாது. அதற்கு முன் என்னைப் பார்த்தது கூடக் கிடையாது. இத்தனை வருட உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்தவற்றில், மேலதிகாரிகள் கொடுத்த பாராட்டுப் பத்திரங்களையும் சேர்த்தே சொல்கிறேன், அந்த விரலைவிடப் பெரிய கொடுப்பினை எதுவும் இல்லை.

தோளில் நட்சத்திரம் குத்தி, காக்கித் துணியின் மொடமொடப்பு இன்னும் போகாத உங்களிடம் எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சட்டப் பிரிவுகள் வேண்டாம். நான் மனப்பாடம் செய்த எண்களெல்லாம் மாறிவிட்டன. காலி செய்த வீட்டின் கதவு எண் மாதிரி அவை இன்னும் வாயில் வருகின்றன. உள்ளே வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள். ஓரிடத்தில் கால் தரிக்காது எனக்கு. சாயங்காலமானால் அடையாறு பாலம்வரை நடந்துவிட்டு வருவேன். சேற்று வாடையும் கடற்காற்றும் ஒன்றாக வந்து முகத்தில் மோதும். அப்போது நினைவுக்கு வருவது துரத்திப் பிடித்த ஆட்கள் இல்லை. ஒரு வரிசை. அதில் நிற்கிற நான்.

எங்கள் காலத்தில் பயிற்சியோடு முதுகலைப் பட்டத்தையும் சேர்த்துவிட்டார்கள். காலையில் கவாத்து. மதியம் குற்றவியல் நீதி வகுப்பு. மைதானத்து மண் பூட்ஸில் ஒட்டியிருக்க, அடையாறு பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் போய் உட்காருவோம். மின்விசிறி சுற்றும், கண் சொருகும். அந்தப் பட்டத்தின்மேல் எங்களில் பாதிப் பேருக்கு இளக்காரம். "தியரி படிச்சா திருடன் தானா வந்து கையக் கட்டிக்கிட்டு நிப்பானா மேடம்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் தவறாமல் கேட்கும்.

எங்கள் பேராசிரியை அதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. எங்களுக்கு ஓரிரு வயது மூத்தவராக இருந்தால் அதிகம். மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ் மாறி வருவார். தோள்பையில் ஒரு பக்கம் புத்தகங்கள், மறுபக்கம் முருங்கைக்காய் தலை நீட்டிக்கொண்டிருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் ஏதாவது ஒரு நாளில் ஏதாவது ஒன்றைச் செய்துவிடுவார் என்ற கிலி எங்களுக்கு உண்டு.

அன்று அடையாள அணிவகுப்பைப் பற்றிய பாடம். உங்களுக்கும் இந்த வாரம் வரும். சந்தேகத்துக்குரியவரை, ஏறக்குறைய அதே வயது, அதே உடல்வாகு உள்ள வேறு சிலரோடு வரிசையில் நிறுத்திவிட்டு, சாட்சியை அழைத்து, "இதில் யார்?" என்று மாஜிஸ்திரேட் கேட்பார். அதற்கு முன்னால் அந்த முகத்தைச் சாட்சி எங்கேயும் பார்த்திருக்கக் கூடாது. ஸ்டேஷனிலும் கூடாது, படத்திலும் கூடாது. இவ்வளவுதான். தேர்வில் எழுத ஒரு பக்கம்.

பேராசிரியை அன்று காலையிலேயே ஒரு அம்மாவை அழைத்து வந்திருந்தார். தி. நகரில், ரயில் நிலையத்துப் படிக்கட்டோரம் உட்கார்ந்து ஊக்கு, ரப்பர் பேண்டு, ஸ்டிக்கர் பொட்டு விற்பவர். ஊக்கு அக்கா என்றுதான் அந்தப் பக்கத்தில் எல்லோரும் கூப்பிடுவார்களாம். எங்கள் கட்டட வாசலில் அவர் கடை விரித்திருந்தார். 'இன்றைக்கு ஏதோ ஒரு கூத்து நடக்கும், பயப்படாதீங்க' என்று மட்டும் அவரிடம் சொல்லி, அவர் சம்மதம் வாங்கி வைத்திருந்தார் பேராசிரியை. தேநீர் இடைவேளையில் ஒரு பெண் ஊக்கு அக்காவிடம் விலை கேட்டாள், பேரம் பேசினாள், திடீரென்று ஊக்கு அட்டைகளை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். எங்களுக்கு அது தெரியாது. தெருவிலிருந்து எங்களுக்குக் கேட்டது ஒரு கூச்சல், அவ்வளவே.

இடைவேளை முடிந்ததும் எங்களில் சில பெண்களைக் கூப்பிட்டு, சுவரோரம் வரிசையாக நிற்கச் சொன்னார். பயிற்சி உடுப்பு வேண்டாம், புடவையில் வாருங்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. நான் மூன்றாவதாக நின்றேன். ஏன் மூன்றாவது? சும்மா. கால் அங்கே போய் நின்றது.

ஊக்கு அக்கா வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனார், திரும்பி வந்தார். என் முன்னால் நின்றார். மூச்சு என்மேல் பட்டது.

"இவ தான்."

"நல்லா பாருங்க அக்கா" என்றார் பேராசிரியை.

"இன்னாத்த நல்லா பாக்குறது? மூணாவதா நிக்கிறா பாரு, இவ தான் தூக்கிக்கினு ஓடுனா. முழியப் பாரு, திருட்டு முழி."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன்: எனக்கு வியர்த்தது. உள்ளங்கை நனைந்தது. நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கைகளை நானே ஒருமுறை பார்த்துக்கொண்டேன். "தேநீர் இடைவேளையில் எங்கே இருந்தீங்க?" என்று பேராசிரியை கேட்டார். மாடிப்படியிலா? குழாயடியிலா? யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? கால் மணி நேரத்துக்கு முந்தைய என் வாழ்க்கை துடைத்துவிட்டது போலக் காணாமல் போயிருந்தது. முழித்தேன். நன்றாக முழித்தேன். அந்த முழியைப் பார்த்து ஊக்கு அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். பார்த்தாயா, நான் சொல்லவில்லை?

"எவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"என் புள்ளைங்க மேல சத்தியமா."

அப்போது பேராசிரியை பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். ஊக்கு அட்டைகளோடு ஒரு பெண் வெளியே வந்தாள். நாடகக் குழுவில் நடிப்பவளாம். நெட்டை. என் நிறமும் இல்லை, என் சாடையும் இல்லை. வரிசையில் அவள் நிற்கவே இல்லை. எங்களில் யாருமே அவள் இல்லை.

சிரிப்பு சட்டென்று நின்றது. ஊக்கு அக்கா மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்ப எதுக்கு வரிசை கட்டி நிக்க வெச்சீங்க? போலீசு புடிச்சு வெச்சிருக்குன்னா அவ அதுல இருக்கத்தான இருப்பா? இல்லாத ஆளத் தேடச் சொன்னா நான் எங்க போறது? இருக்கறதுல திருடி மாதிரி கீறவளக் காட்னேன்."

பிறகு என்னைப் பார்த்து, "நீ மனசுல வெச்சுக்காத கண்ணு" என்று ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

பேராசிரியை அன்று பலகையில் எதையும் எழுதவில்லை. "சாட்சி பொய் சொல்லல. உங்கள நம்பினாங்க. நீங்க புடிச்சா சரியாத்தான் புடிச்சிருப்பீங்கன்னு நம்பினாங்க. அந்த நம்பிக்கைதான் ஆபத்து. கிளாஸ் முடிஞ்சுது, போங்க" என்றார். தோள்பையை மாட்டிக்கொண்டு, முருங்கைக்காயோடு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் எத்தனையோ கற்றேன், எத்தனையோ மறந்தேன். ஆனால் யாரையாவது விசாரிக்கும்போது எதிரில் இருப்பவர் முழித்தால், என் உள்ளங்கை தானாக நனையும். உடம்பு படித்த பாடத்தை உடம்பு விடுவதில்லை.

இனி மயிலாப்பூர். பங்குனி உற்சவம். அந்தப் பகுதியில் ஒரு நிலையத்தில் நான் குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டராக இருந்த நேரம். தேர் நாளன்று காலைக் கூட்டத்தில் ஒரு மாமியின் கழுத்துச் சங்கிலி போய்விட்டது. மாமி என்றுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். குளத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். பாட்டு வாத்தியார். இரட்டை வடச் சங்கிலி; அவருடைய அம்மா கழுத்திலிருந்து அவர் கழுத்துக்கு வந்தது. நெரிசலில் ஒரு பெண் தோளைத் தாங்கி, "பாத்து மாமி, கால் இடறும்" என்று சொன்னாளாம். மனதுக்குள் அவளை வாழ்த்திக்கொண்டே நாலு அடி போன பிறகுதான் கழுத்து வெறுமையாக இருப்பது தெரிந்ததாம். 'முகத்தைப் பார்த்தேன்' என்று புகாரில் இருந்தது.

மறுநாள் அறுபத்துமூவர், நாயன்மார்கள் பல்லக்கில் வீதியுலா வரும் நாள். மதியம் எங்கள் ஏட்டு குமரேசன் கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார். குமரேசனைத் தப்பாக நினைக்காதீர்கள். தேர் நாளிலிருந்து உட்காராமல் வெயிலில் நின்ற மனிதர். பழைய குற்றவாளிகளின் முகங்களை மறக்காதவர். "இவ நாத்தனார் மேல ரெண்டு கேஸ் கிடக்கு மேடம். கூட்டத்துல சங்கிலி அறுக்கறதுல அவ பெரிய கை. இவளும் அந்தக் கூட்டம்தான். நேத்தும் வந்திருக்கா."

அந்தப் பெண்ணின் பெயர் தேவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரக் குடிசைகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பம். ஒரு மருத்துவமனையில் காண்ட்ராக்டில் தரை துடைக்கிற வேலை. பெண் காவலர் சோதித்துப் பார்த்ததில் சங்கிலி இல்லை.

"கை மாத்தி விட்டிருப்பா மேடம்" என்றார் குமரேசன்.

"இன்னாத்த மாத்துனேன்?" தேவி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "நாத்தனார் செஞ்சா நாத்தனாரக் கேளு. நான் பொறந்ததே இந்த ஆத்தாங்கரையில. வருசா வருசம் வருவேன். சாமி பாக்க வந்தா குத்தமா மேடம்?"

"நேத்து தேர் கிளம்பும்போது எங்க நின்னுக்கிட்டு இருந்த?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். கண் அங்கும் இங்கும் போனது. "மோர் பந்தல்கிட்ட... இல்ல, அது அப்பால. மொதல்ல வளையல் கடைகிட்ட..."

"பாத்தீங்களா மேடம்" என்றார் குமரேசன் மெதுவாக. "முழிக்கிறா."

என் உள்ளங்கை நனைந்தது.

தேவி என்னை நெருங்கி வந்தாள். குரல் இறங்கியிருந்தது. "மேடம், நாளைக்கு என் பொண்ணுக்கு பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. நான் வூட்டுக்குப் போலன்னா அவ என்னத் தேடிக்கினு இங்க வந்துருவா, எழுதப் போமாட்டா. ஜெயில்ல போட்டீங்கன்னா காண்ட்ராக்டர் பேர அடிச்சுருவான். எனக்கு அந்த வேல மட்டுந்தான் கீது."

இதை எல்லோரும்தான் சொல்வார்கள். நீங்களும் கேட்கப்போகிறீர்கள், தினமும். உண்மையாகவும் இருக்கும், பொய்யாகவும் இருக்கும், சில நேரம் உண்மையைச் சொல்கிறவர்களே திருடியும் இருப்பார்கள். மனம் இளகித்தான் நல்ல போலீசாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தேவியின் கண்ணீரை நான் கணக்கில் எடுக்கவில்லை. கடைகளின் கேமராவைப் பார்த்தோம். தலைகள், பலூன்கள், குடைகள். என்னிடம் இருந்தது மாமியின் கண் மட்டும்தான். அது கெட்டுப் போய்விட்டால் பிறகு யாருக்கும் எதுவும் இல்லை.

உதவி ஆணையர் போனில் வந்தார். பின்னால் வாக்கி டாக்கி இரைந்துகொண்டிருந்தது. "என்னம்மா, ஆள் கையில இருக்காமே? அந்தம்மாவுக்கு ஒரு போட்டோவ வாட்ஸப்ல தட்டு. ஆமாம்பாங்க. பொழுது சாயறதுக்குள்ள அரெஸ்ட் காட்டி ரிமாண்டுக்கு அனுப்பு. பொம்பள கேஸு, இருட்டினா பண்ண முடியாது. பண்டிகை நேரம், மேலேர்ந்து கேக்குறாங்க."

இந்த இடத்தில் நின்று ஒன்றைச் சொல்கிறேன். நெருக்கடியில் மேலதிகாரியிடம் நியாயம் பேசாதீர்கள். அவருக்கு நேரம் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. அவருக்குப் புரிகிற பாஷையில் பேசுங்கள்.

"சார், போட்டோ காட்டினா அணிவகுப்பு செல்லாது சார். கோர்ட்ல முதல் கேள்வியே அதுதான் வரும். கேஸ் நிக்காது. நம்ம பேர் கெடும்."

ஒரு கெட்ட வார்த்தை வந்தது. பிறகு, "சரி, ஆறு மணிக்குள்ள எனக்கு ஒரு பதில் சொல்லு" என்று வைத்தார். அந்த அவகாசத்துக்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். திட்டிக்கொண்டே நேரம் கொடுக்கும் அதிகாரிகள் உங்களுக்கும் வாய்க்கட்டும்.

குமரேசன் கையில் போன். தேவியின் படம் அதில் ஏற்கெனவே இருந்தது. "அனுப்பிட்டீங்களா?"

"இல்ல மேடம். அந்தம்மா போன்ல படமெல்லாம் வராதாம். பட்டன் போன். ஆள் கெடைச்சிருக்கு, பாக்கறீங்களான்னுதான் கேட்டேன். நேர்லயே வந்துடறேன்னுட்டாங்க."

"எப்ப?"

அவர் வாசலைப் பார்த்தார். ஓர் ஆட்டோ வந்து நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ஒன்பது கஜப் புடவையின் ஓரம் தெரிந்தது. வாசலுக்கு நேரே பெஞ்சு. பெஞ்சில் தேவி.

மாமி காலைக் கீழே வைத்தால் முடிந்தது. போலீஸ் நிலையத்தில், போலீஸ் சூழ, அழுத முகத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்துவிடுவார். அதற்குப் பிறகு அவருடைய நினைவில் தேர்க்கூட்டத்துப் பெண்ணுக்கு தேவியின் முகம்தான் இருக்கும், சாகும்வரை.

ஓடினேன். பூட்ஸோடு, தொப்பியில்லாமல், நிலையமே பார்க்க ஓடினேன். ஆட்டோவின் பக்கவாட்டில் உடம்பை நுழைத்து, மாமியைத் தள்ளாத குறையாக உள்ளே உட்கார வைத்து, நானும் ஏறிக்கொண்டேன்.

"வண்டிய எடுங்கண்ணா."

"இன்னா மேடம், இப்பத்தான வந்து நின்னேன்! எங்க எடுக்கறது? நாலு பக்கமும் சாமி வருது."

"பக்கத்துச் சந்துல ஓரங்கட்டுங்க. போதும்."

சந்துக்குள் வண்டி நின்றது. வெளியே நாதஸ்வரம், கூட்டத்தின் இரைச்சல், யாரோ தண்ணீர் பாக்கெட் வீசிக்கொண்டே போனார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"நான் எதையும் கேக்கல மேடம். ரெண்டு காதையும் பொத்திக்கினேன்" என்றபடி இறங்கி, கேட்கிற தூரத்திலேயே நின்றுகொண்டார்.

"ஏம்மா, பிடிச்சுட்டேளாமே" என்றார் மாமி. மூச்சு வாங்கியது. கை வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. "காட்டுங்கோ, சொல்லிடறேன்."

"முகம் ஞாபகம் இருக்கா மாமி?"

"நீங்க பிடிச்சு வெச்சிருக்கறது அவளாத்தானே இருக்கும்? பார்த்தா தெரிஞ்சுடாதா?"

எனக்குக் கேட்டது மாமியின் குரல் இல்லை. போலீசு புடிச்சு வெச்சிருக்குன்னா அவ அதுல இருக்கத்தான இருப்பா? வேறு தெரு, வேறு தமிழ், அதே நம்பிக்கை. எங்கள்மேல் வைத்த நம்பிக்கை. நான் உட்கார்ந்த இடத்தில் நெளிந்தேன்.

வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊக்கு அக்காவின் கதையைச் சொன்னேன். சுருக்கமாகத்தான். வரிசை, மூன்றாவது இடம், விரல்.

"உன்னையா? திருடின்னா?" மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னைப் பார்த்தா அப்படித் தோணலையே."

"இப்ப உடுப்பு போட்டிருக்கேன் மாமி."

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னேன்: "வரிசையில அந்தப் பொண்ணு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியலைன்னு சொன்னா நாங்க கோவிச்சுக்க மாட்டோம். தெரியலைங்கறதும் சாட்சிதான். தெரியும்னா தெரியும்னு சொல்லுங்க. மாஜிஸ்திரேட் முன்னாடி அணிவகுப்பு வைக்கச் சொல்லி இன்னிக்கே நான் எழுதறேன்."

பல்லக்கு ஒன்று தெருமுனையைக் கடந்தது. கும்பிடக் கையை எடுத்தவர், பாதியில் மடியில் வைத்துக்கொண்டார்.

"கை ஞாபகம் இருக்கு. தோள்ல வெச்சா. கெட்டிக் கை, வேலை செய்யற கை. வெத்தலை வாசனை அடிச்சுது. முகம்..." நிறுத்தினார். "நேத்திலேர்ந்து ஒரு முகத்தை நினைச்சுண்டே இருக்கேன். கண்ணை மூடினா வரது. ஆனா அது அவ முகமா, இல்லே நானே உக்காந்து பண்ணிண்ட முகமான்னு, இப்போ நீ கேக்கறச்சே, எனக்குச் சொல்லத் தெரியலை. பிள்ளை போன்ல கேட்டான், மூஞ்சியப் பாத்தியாம்மான்னு. பாத்தேன்னுட்டேன். பார்க்கலைன்னா புகாரே எடுத்துக்க மாட்டாளோன்னு பயமா இருந்தது."

தேவியின் வாய் வெற்றிலையில் சிவந்துதான் இருந்தது. நான் பார்த்திருந்தேன். அந்தத் திருவிழாவில் சிவக்காத வாய் எத்தனை என்றும் பார்த்திருந்தேன்.

"அவளைக் காட்டலைன்னா சங்கிலி வராது, இல்லையா?" என்று கேட்டார்.

"காட்டினாலும் வருமான்னு எனக்குத் தெரியாது மாமி."

"எங்கம்மா ஸ்நானம் பண்றச்சேகூட கழட்ட மாட்டா." வெறுங்கழுத்தில் கை நின்றது. அப்படியே இருந்தது. பிறகு அந்தக் கையை எடுத்து, ஆட்டோவின் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். "டிரைவர்! வண்டியைத் திருப்புப்பா. ஆத்துக்குப் போகலாம்."

"பாக்கலையா மாமி?" என்று தொலைவிலிருந்து கேட்டார், காதைப் பொத்திக்கொண்டவர்.

"எதைப் பாக்கறது? நான்தான் பாக்கவே இல்லையே."

வீட்டுக்குப் போனதும், புகாரில் அந்த ஒரு வரியைத் திருத்தி என்னிடம் மறுவாக்குமூலம் கொடுத்தார். ஒருவரைக் கைது செய்ய, சந்தேகத்தைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. உதவி ஆணையரிடம் சொன்னேன். அவர் சொன்னதை இங்கே சொல்ல முடியாது. ஆனால் நான் எழுதியதன்கீழ் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். குமரேசன் என் முன்னால் வந்து நின்று, போனைத் திறந்து, தேவியின் படத்தை அழித்தார். நான் சொல்லவில்லை. அவரே செய்தார். "அந்தம்மா போன் பட்டன் போனா இருந்தது நல்லதாப் போச்சு மேடம்" என்று மட்டும் சொன்னார்.

தேவி நன்றி சொன்னாளா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? முகவரியை எழுதிக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்து வாசலைக் காட்டியபோது, புடவையை உதறிச் சொருகிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அறுபத்துமூவர்ல ஒருத்தரக்கூடப் பாக்க வுடல நீங்க."

"கடைசிப் பல்லக்கு இன்னும் தாண்டலை. ஓடினா பாக்கலாம்."

ஓடினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். பொழுது சாயும் வெளிச்சத்தில், கூட்டத்துக்குள் அவள் முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் யாராவது ஒருவர் கையைத் தூக்குவார். உங்களிலும் ஒருவர் தூக்கப்போகிறார், முகத்திலேயே தெரிகிறது. 'கடைசியில் யார் எடுத்தது? தேவி எடுத்தாளா?'

தெரியாது. சங்கிலி கிடைக்கவில்லை. வேறு யாரும் பிடிபடவில்லை. தேவி எடுத்திருக்கலாம். எடுக்காமலும் இருக்கலாம். அவள் நிரபராதி என்று பிறகு தெரியவந்ததால் நான் செய்தது சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரியாத இடத்தில் தெரியாது என்று நின்றோம். ஒரு பாட்டு வாத்தியார் தன் அம்மாவின் சங்கிலியை விட்டுக்கொடுத்து எங்களோடு நின்றார். அது ஒன்றுதான் நடந்தது.

அடுத்த பங்குனியில் மாமியைப் பார்த்தேன். பாதுகாப்புக் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து, "ஒண்ணும் கிடைக்கலையே?" என்றார். இல்லை என்றேன். கழுத்தில் மெல்லிய கருகமணிச் சரம் ஒன்று கிடந்தது. "போகட்டும். சங்கிலிதான் போச்சு, தூக்கம் போகலை. நீ சாப்பிட்டியா?" என்று ஒரு தொன்னை சுண்டலைக் கையில் வைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்தார்.

நான் நன்றிக்கடன் பட்டவர்கள் நிறையப் பேர். பேராசிரியைக்கு ஒரு முறை நேரில் நன்றி சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்கும் பஸ்ஸுக்கு அவசரத்தில் இருந்தார். பாக்கி ஒருவர் இருந்தார்.

இங்கே பேச வரச் சொல்லி உங்கள் அழைப்பு வந்த அன்று தி. நகர் போனேன். ரயில் நிலையத்துப் படிக்கட்டோரம், அதே இடம். முடி முழுக்க வெளுத்திருந்தது. முன்னால் அதே மாதிரி ஊக்கு, ரப்பர் பேண்டு, பொட்டு. புதிதாக செல்போன் உறை. குத்துக்காலிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, என்னத் தெரியுதா?"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். அதே மூச்சு, என் முகத்தில் பட்டது.

"எங்கியோ பாத்தாப்புல கீது. சீரியல்ல வர்றியா?"

"இல்ல."

"அப்ப தெரில கண்ணு. தெரிஞ்சா தெரியும்னு சொல்ல மாட்டனா? பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப் போவுது?"

சிரித்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்து, நடுத்தெருவில், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். இருந்த ஊக்கு அட்டைகளை எல்லாம் வாங்கினேன்.

"பேண்டு சட்ட போட்டுக்கினு கீற. இத்தினி ஊக்கு எதுக்கு கண்ணு?"

"வேணும்க்கா. ரொம்ப நன்றி."

"ஊக்குக்கா?"

"ஆமா, ஊக்குக்குத்தான்."

அந்த அட்டைகள்தான் இந்த மேஜைமேல் இருப்பவை. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்து, சட்டைப் பைக்குள் குத்திக்கொள்ளுங்கள், வெளியே தெரியாமல். யாரையாவது காட்டக் கை எழும்பும்போது அது கொஞ்சம் உறுத்தட்டும்.